பார்க்கத் தெரிந்தால் பாதி வைத்தியம்

பெரியவர்களுக்கு உடம்பு சரியில்லை என்றால் வாய் விட்டுச் சொல்லிவிடுவார்கள். தலை வலிக்கிறது, நெஞ்சு அடைக்கிறது, இடுப்பு ஒடிகிறது என்று ஊரைக் கூட்டுகிற ஆண்பிள்ளைகளை நாம் பார்க்காததா! ஆனால் எட்டு மாதக் குழந்தை என்ன செய்யும்? பசித்தாலும் அழும், காது வலித்தாலும் அழும், தூக்கம் வந்தாலும் அழும். அதைவிடக் கஷ்டம் ஒன்று உண்டு. நிஜமாகவே உடம்பு மோசமாகும்போது குழந்தை அழுவதை நிறுத்திவிடும். "அப்பாடா, தூங்கிட்டான்" என்று நாம் அடுப்படிக்குப் போய்விடுவோம்.

என் ஓரகத்தி ஓர் அரசு ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டில் இருபது வருஷத்துக்கு மேல் நர்ஸாக இருந்தவள். "அக்கா, வார்டுக்குள்ளே நுழையும்போது வீறிட்டு அழற குழந்தையை நான் அப்புறம்தான் பார்ப்பேன். சத்தமே இல்லாம துவண்டு கிடக்கிறது பாருங்க, அதுகிட்டதான் முதல்லே ஓடுவேன்" என்பாள். அவளிடம் கேட்டுக் கேட்டு நான் தெரிந்துகொண்டது ஒன்றே ஒன்றுதான். மருந்து கொடுப்பது டாக்டர் வேலை. ஆனால் பார்ப்பது, எண்ணுவது, குறித்து வைப்பது, எப்போது ஓட வேண்டும் என்று தெரிந்திருப்பது, இந்த நான்கும் தாயின் வேலை. இதற்குப் படிப்பு வேண்டாம்; கண்ணும் கடிகாரமும் போதும்.

இது புதிதாக நான் கண்டுபிடித்த சங்கதி அல்ல. நர்ஸ் தொழிலுக்கே தாயாரான ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1859-ல் எழுதிய செவிலியர் குறிப்புகளில், நோயாளியைக் கவனிப்பது எப்படி என்று ஓர் அத்தியாயமே வைத்தார். 1861-ல் ஏழை எளிய குடும்பங்களுக்காக அதையே சுருக்கி வெளியிட்டபோது, தம்பி தங்கைகளை இடுப்பில் சுமக்கும் சிறுமிகளுக்காகக் குழந்தை பார்த்துக்கொள்வது பற்றித் தனியாக ஓர் அத்தியாயம் சேர்த்தார். வீட்டிலிருக்கும் பெண்ணும் ஒரு நர்ஸ்தான் என்பது அவருடைய எண்ணம்.

தொடுவதற்கு முன் பாருங்கள்

குழந்தைக்கு உடம்பு சுகமில்லை என்றதும் நாம் செய்வது என்ன? உடனே நெற்றியைத் தொடுவோம், வாயைத் திறப்போம், வயிற்றை அமுக்குவோம். குழந்தை மிரண்டு அழும். அழுகிற குழந்தையின் மூச்சையும் எண்ண முடியாது, முகத்தையும் படிக்க முடியாது.

நர்ஸ்கள் கையை வைக்குமுன் சற்றுத் தள்ளி நின்று மூன்று விஷயங்களைப் பார்க்கிறார்கள்.

முதலாவது தோற்றம். குழந்தை உங்களைப் பார்க்கிறதா? சாவிக்கொத்தை ஆட்டினால் கண் திரும்புகிறதா? கை கால் விறைப்பாக, ஆட்டமாக இருக்கிறதா, அல்லது துணி போலத் துவள்கிறதா? தூக்கி வைத்துக்கொண்டால் சமாதானம் ஆகிறதா?

இரண்டாவது மூச்சு. சட்டையைத் தூக்கிவிட்டு நெஞ்சும் வயிறும் ஏறி இறங்குவதைப் பார்க்க வேண்டும். மூக்குத் துவாரம் ஒவ்வொரு மூச்சுக்கும் விரிகிறதா, முனகல் கேட்கிறதா என்று கவனிக்க வேண்டும்.

மூன்றாவது நிறம். நம் ஊர்க் குழந்தைகளின் மாநிற, கறுப்புத் தோலில் மாற்றம் சட்டென்று தெரியாது. ஆகவே உதடு, நாக்கு, உள்ளங்கை, உள்ளங்கால் இவற்றைப் பார்க்க வேண்டும். வெளுத்திருக்கிறதா, நீலம் பாய்ந்திருக்கிறதா, மஞ்சளாக இருக்கிறதா?

மூன்றையும் பார்க்க ஒரு நிமிஷம்கூட ஆகாது. அதற்கப்புறம்தான் தொட வேண்டும். அதையும் அம்மா மடியில் வைத்துச் செய்வதே நல்லது. காது, தொண்டை போன்ற, குழந்தைக்குப் பிடிக்காத இடங்களைக் கடைசியில் பார்க்க வேண்டும். விவரம் தெரிந்த பிள்ளையிடம் "வலிக்கவே வலிக்காது" என்று பொய் சொல்லி ஊசிக்கு அழைத்துப் போகாதீர்கள். "கொஞ்சம் வலிக்கும், பத்து எண்றதுக்குள்ளே முடிஞ்சிடும்" என்று உண்மையைச் சொன்னால் அடுத்த முறையும் உங்களை நம்பும்.

மூச்சை எண்ணுங்கள்

சளி, இருமல் இல்லாத குழந்தை உண்டா? அதில் எது வெறும் சளி, எது நிமோனியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? உலக சுகாதார நிறுவனம் கிராம சுகாதார ஊழியர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் எளிய வழி மூச்சை எண்ணுவதுதான். குழந்தை அமைதியாக இருக்கும்போது, அல்லது தூங்கும்போது, வயிறு ஏறி இறங்கினால் ஒன்று என்று முழுசாக ஒரு நிமிஷம் எண்ண வேண்டும். அரை நிமிஷம் எண்ணி இரண்டால் பெருக்குவது கூடாது. குழந்தையின் மூச்சு ஒரே சீராக இருப்பதில்லை.

இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நிமிஷத்துக்கு 60-ம் அதற்கு மேலும்,

2 மாதத்திலிருந்து ஒரு வயது வரை 50-ம் அதற்கு மேலும்,

ஒரு வயதிலிருந்து ஐந்து வயது வரை 40-ம் அதற்கு மேலும்

இருந்தால் அது வேக மூச்சு. அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும். பச்சைக் குழந்தைக்கு 60 வந்தால் இன்னொரு முறை எண்ணிப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். எண்ணிக்கை எதுவானாலும், மூச்சை இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே பள்ளம் விழுந்தால் காத்திருக்கவே கூடாது.

எங்கள் தெருவில் ஏழு மாதக் குழந்தை ஒன்றுக்கு மூன்று நாளாகச் சளி. பாட்டி கற்பூரவல்லிச் சாறு கொடுத்துக்கொண்டிருந்தார். "பல்லு முளைக்குது, அதான் சிணுங்கறான்" என்றார். என் ஓரகத்தி தற்செயலாகப் போனவள், சட்டையைத் தூக்கிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டாள். 62!

"பெரியம்மா, பல்லு முளைச்சா மூச்சு இப்படி ஓடாது. விலாவுக்குக் கீழே குழி விழறது பாருங்க. இப்பவே கிளம்பணும்" என்றாள்.

"விடிஞ்சதும் போகக் கூடாதாம்மா?"

"விடியற வரைக்கும் இந்த மூச்சு தாங்காது பெரியம்மா."

அன்றிரவே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நிமோனியாதான். ஆறாம் நாள் குழந்தை சிரித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தது. அந்தப் பாட்டிக்குப் பேரன் மேல் உயிர். அவரிடம் குறைந்தது பாசம் அல்ல, எண்ணத் தெரியாததுதான்.

பேதியில் பயம் நீர் வற்றுவதே

பேதியாகும் குழந்தைக்கு ஆபத்து வருவது எத்தனை தடவை போனது என்பதால் அல்ல, உடம்பில் நீரும் உப்பும் எவ்வளவு குறைந்தது என்பதால்தான். அதைக் காட்டும் அடையாளங்கள் இவை. கண் குழி விழுந்திருக்கும். குழந்தை எரிச்சலோடு நிலைகொள்ளாமல் இருக்கும். டம்ளரைக் காட்டினால் ஆவலோடு பாய்ந்து குடிக்கும். வயிற்றுத் தோலை இரு விரலால் கிள்ளி விட்டால் உடனே படியாமல் மெதுவாகப் படியும். சிறுநீர் குறைந்துவிடும். கைக்குழந்தைக்கு உச்சிக்குழி பள்ளமாகும். இதற்கும் மேலே போய்க் குழந்தை துவண்டு, குடிக்கவும் சக்தியில்லாமல், கிள்ளிய தோல் இரண்டு நொடிக்கு மேல் அப்படியே நின்றால் அது அபாயக் கட்டம். வழியெல்லாம் கரைசலை ஊட்டிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். விழுங்கும் நிலையில் இல்லாத குழந்தையின் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது.

அந்தக் கட்டம் வராமல் தடுப்பது நம் கையில் இருக்கிறது. ஓ.ஆர்.எஸ். என்ற உப்பு சர்க்கரைக் கரைசலின் கதையே தாய்மார்களின் கதைதான். 1971-ல் வங்கதேசப் போரின்போது லட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்காளத்துக்கு வந்தார்கள். எல்லையோர ஊரான பொங்காவ் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோக, டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பையும் குளுக்கோஸையும் கலந்து நீரில் கரைத்து, நோயாளிகளின் உறவினர் கையிலேயே கொடுத்துக் குடிக்க வைக்கச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு நாலுக்கும் கீழே இறங்கியது. 2022-ல் காலமான அவருக்கு 2023-ல் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது.

கரைசலைச் செய்வது சுலபம். பாக்கெட்டின் மேல் எத்தனை தண்ணீரில் கரைக்க வேண்டும் என்று போட்டிருக்கும். பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு. கொதித்து ஆறிய தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கொட்டிக் கலக்க வேண்டும். "இன்னிக்குப் பாதி, நாளைக்குப் பாதி" என்று போடக் கூடாது. தண்ணீர் குறைந்தால் உப்பு அதிகமாகிக் கெடுதல். பாலோ சர்க்கரையோ சேர்க்க வேண்டாம். கலந்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காமல் கொட்டிவிடுங்கள். பாக்கெட் கிடைக்கும் வரை அவசரத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலை தட்டிய அரை டீஸ்பூன் உப்பு. உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியும் மோரும் பெரிய குழந்தைகளுக்கு உதவும். கடையில் விற்கும் பழச்சுவை இனிப்புப் பானம் எதுவும் இதற்கு ஈடாகாது.

ஒவ்வொரு தடவை பேதியானதும் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு கால் முதல் அரை டம்ளர் (50 முதல் 100 மில்லி), அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு அரை முதல் ஒரு டம்ளர் (100 முதல் 200 மில்லி). ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து, இன்னும் மெதுவாகத் தொடருங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள், சாப்பாட்டையும் நிறுத்தாதீர்கள். வயிற்றைக் காயப் போடுவது பழைய பழக்கம், அதில் குழந்தை இளைப்பதுதான் மிச்சம். பேதியைக் கட்டும் மாத்திரை குழந்தைக்குக் கூடவே கூடாது. டாக்டர் துத்தநாக மாத்திரை எழுதிக் கொடுத்தால், இரண்டே நாளில் பேதி நின்றாலும் 14 நாளும் கொடுத்து முடியுங்கள். மலத்தில் ரத்தம் கண்டால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

ஜுரம்: எண்ணைவிடக் குழந்தையைப் பாருங்கள்

புறங்கையால் தொட்டுப் பார்ப்பதோடு நிற்காமல் வீட்டில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். அக்குளை உலரத் துடைத்து, கையை உடம்போடு அணைத்து, சத்தம் வரும் வரை பிடித்தால் போதும். 102 டிகிரி ஜுரத்திலும் விளையாடுகிற குழந்தையைவிட, 100 டிகிரியில் துவண்டு கிடக்கும் குழந்தை அதிக கவலைக்குரியது. ஆனால் இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு இந்தக் கணக்கு செல்லாது. அக்குளில் 99.5 டிகிரியோ அதற்கு மேலோ இருந்தாலும், 95.9-க்குக் கீழே குளிர்ந்தாலும் உடனே ஆஸ்பத்திரிதான். குளிர்ந்த சிசுவை உங்கள் மார்போடு தோல் மேல் தோல் படும்படி அணைத்து, மேலே துணி போர்த்தி எடுத்துப் போங்கள்.

ஜுரத்தில் கம்பளி போர்த்தி மூடாதீர்கள். மெல்லிய பருத்திச் சட்டை, காற்றோட்டம், அடிக்கடி குடிக்க ஏதாவது. பாரசிட்டமாலைக் குழந்தையின் எடைக்கு டாக்டர் சொன்ன அளவில் மட்டும் கொடுக்க வேண்டும். இங்கே ஒரு பெரிய ஆபத்து ஒளிந்திருக்கிறது. சொட்டு மருந்தில் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும்; சிரப்பில் ஐந்து மில்லிக்குத்தான் 120, 125 அல்லது 250 மில்லிகிராம். சிரப்பின் அளவில் சொட்டு மருந்தை ஊற்றினால் பல மடங்கு ஆகிவிடும். பாட்டிலோடு வரும் அளவுக் குழாயிலேயே அளக்க வேண்டும், சமையல் ஸ்பூனில் அல்ல. ஆஸ்பிரின் குழந்தைகளுக்கு ஆகாது.

ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை சில குழந்தைகளுக்கு ஜுரத்தோடு வலிப்பு வரும். பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் பெரும்பாலும் சில நிமிஷங்களில் நின்றுவிடும். குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். வாயில் ஸ்பூன், தண்ணீர், மருந்து எதுவும் வேண்டாம். கையில் இரும்புச் சாவியும் வேண்டாம். ஐந்து நிமிஷம் தாண்டினால் 108-ஐக் கூப்பிடுங்கள். நின்றுவிட்டாலும் டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும்.

டெங்கு ஜுரத்தில் இன்னொரு சூட்சுமம் உண்டு. ஜுரம் விடுகிற சமயம்தான் ஆபத்தான சமயம். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், "ஜுரம் விட்டுடுத்து" என்று நாம் நிம்மதியாகும்போது, விடாத வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், சில்லிட்ட கை கால், மயக்கம் போன்ற தூக்கம் இவற்றில் ஒன்று தென்பட்டாலும் தாமதிக்காதீர்கள்.

வலியை எப்படி அறிவது?

பேச்சு வராத குழந்தையின் வலியை அளக்க அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஒரு முறை வகுத்து 1997-ல் வெளியிட்டார்கள். முகம், கால், உடம்பின் அசைவு, அழுகை, சமாதானம் ஆகிற விதம் என்று ஐந்தையும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண் போடுவார்கள். வீட்டில் மதிப்பெண் போட வேண்டாம். ஐந்தையும் கவனித்தால் போதும். முகம் சுளித்து, காலை வயிற்றோடு மடக்கி, வில்லாக வளைந்து, தூக்கினாலும் அடங்காமல் அழுதால் அது பிடிவாதம் அல்ல, வலி. மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்குச் சிரிக்கும் முகத்திலிருந்து அழும் முகம் வரை ஆறு படம் காட்டி, "உனக்கு எது மாதிரி இருக்கு?" என்று கேட்கும் முறையும் உண்டு. அமெரிக்க நர்ஸ் டோனா வாங், குழந்தைகள் நலப் பணியாளர் கோனி பேக்கருடன் சேர்ந்து உருவாக்கியது அது.

பச்சைக் குழந்தையிடம் செய்யக் கூடாதவை

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் ஒன்றே போதும். முதல் சில நாள் கழிந்தபின், ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது சிறுநீர் போனால் பால் போதுகிறது என்று பொருள். பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் கண்டாலும், உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள் பரவினாலும் வெயிலில் காட்டிக்கொண்டு காத்திருக்கக் கூடாது. தொப்புளைச் சுற்றிச் சிவந்தாலும் சீழ் வைத்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். தொப்புளில் சாம்பல், மஞ்சள், பவுடர் எதுவும் வேண்டாம்.

தொக்கம் எடுப்பது, உரம் விழுந்தது என்று புடவையில் போட்டு உருட்டுவது, தலைகீழாகப் பிடிப்பது, சூடு வைப்பது, மூக்கிலும் காதிலும் எண்ணெய் விட்டு ஊதுவது, இவையெல்லாம் ஆபத்து. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குப் போனால் அதுவே நிமோனியாவைக் கொண்டுவரும். மாமியாரோ அம்மாவோ வற்புறுத்தினால் சண்டை போட வேண்டாம். "டாக்டர்கிட்டே ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யலாம் அத்தை" என்று சொல்லிவிடுங்கள். நேரம் கிடைக்கும், மனசும் நோகாது.

ஒரு நாற்பது பக்க நோட்டு

வார்டில் ஒவ்வொரு கட்டிலிலும் ஒரு அட்டை தொங்கும். நம் வீட்டிலும் குழந்தை பேரில் ஒரு நோட்டு இருக்கட்டும். மணி, ஜுரம் எவ்வளவு, மூச்சு எத்தனை, என்ன குடித்தது, சிறுநீர் எத்தனை தடவை, பேதி வாந்தி எத்தனை, என்ன மருந்து எப்போது. "ரெண்டு நாளா ஜுரம் டாக்டர், ஒண்ணுமே சாப்பிடலே" என்று சொல்வதற்கும், "நேற்று சாயங்காலம் ஆறு மணிக்கு 101, ராத்திரி பத்து மணிக்கு 103, காலையிலிருந்து ஒரே தடவைதான் மூத்திரம் போனான்" என்று சொல்வதற்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். இரண்டாவதைக் கேட்டால் டாக்டர் நிமிர்ந்து உட்கார்வார். எடையையும் தடுப்பூசித் தேதிகளையும் அதிலேயே எழுதுங்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை மாதம் ஒரு முறை அங்கன்வாடியில் மேல் கைச் சுற்றளவையும் அளக்கச் சொல்லலாம், 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் குழந்தை மிகவும் மெலிந்திருக்கிறது, உடனே கவனிக்க வேண்டும்.

இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே கிளம்புங்கள்:

1. பாலோ தண்ணீரோ குடிக்க முடியவில்லை.
2. குடித்ததெல்லாம் வாந்தியாகிறது.
3. வலிப்பு வருகிறது, அல்லது வந்து நின்றது.
4. எழுப்பினாலும் சரியாக விழிக்கவில்லை, துவண்டு கிடக்கிறது.
5. மூச்சிழுக்கும்போது விலாவின் கீழ் பள்ளம் விழுகிறது, அல்லது அமைதியாக இருக்கும்போதும் மூச்சில் கரகரவென்று சத்தம் வருகிறது.
6. உதடு, நாக்கு நீலமாகிறது.
7. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு ஜுரம், குளிர்ச்சி, வேக மூச்சு, அல்லது பால் மறுப்பு.

இந்த ஏழுக்கும் ராத்திரி, பகல், ராகுகாலம், அமாவாசை எதுவும் கிடையாது. வீட்டுக்காரர் வெளியூர் போயிருந்தாலும் அவர் வரும் வரை காத்திருக்க வேண்டாம். ஒரு காகிதத்தில் இந்த ஏழையும் எழுதி, மூச்சுக் கணக்கையும் 108-ஐயும் சேர்த்து, பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டிக்கும், பெரிய பெண்ணுக்கும், குழந்தையின் அப்பாவுக்கும் மூச்சை எண்ணிப் பழக்கிவிடுங்கள். இன்றைக்கே, குழந்தை நன்றாகத் தூங்கும்போது ஒரு நிமிஷம் எண்ணி நோட்டில் எழுதி வையுங்கள், சகோதரிகளே. சுகமாக இருக்கும்போது எத்தனை என்று தெரிந்தால்தான், சுகமில்லாதபோது எத்தனை கூடியது என்று தெரியும்.